கத்தரிப்பூ வண்டியின் மூக்கு

யூனுஸ் பாய் எனக்கு முதன்முதலில் அனுப்பியது ஒரு படம். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு தகடு. அதன் நடுவில் சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல ஒரு வெள்ளைப் புள்ளி. புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. அளவு தெரிவதற்காக அவரே ஒட்டிவைத்திருக்கிறார். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் வந்துவிட்டது.

"தம்பி, படம் பாத்தீங்களா?"

"பாத்தேன் பாய். சின்னக் கல்லு ஒண்ணு தெறிச்சிருக்கு."

"சின்னதா? பருக்கையோட வச்சுப் பாருங்க, அதுல பாதி இருக்கு. கல்லு பட்ட நாள்லேருந்து எனக்குச் சோறு எறங்கல."

"அந்தச் சோத்தத்தான் வண்டியில ஒட்டிட்டாரு தம்பி" என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. அது அவர் மனைவி ஆயிஷா அக்கா என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தஞ்சாவூர் பைபாஸ் ஓரத்தில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. வண்டிகளின் பெயிண்ட்மீது கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபிலிம் ஒட்டிக் கொடுப்பது என் தொழில். முன்னால் போகிற லாரியின் சக்கரத்திலிருந்து கல் தெறித்தால் அடியை அந்த ஃபிலிம் வாங்கிக்கொள்ளும், பெயிண்ட் தப்பித்துக்கொள்ளும். நான் வேதியியல் பட்டதாரி. எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குள் போன முதல் ஆள் நான்தான். கறுப்பு அங்கி போட்டு நான் எடுத்துக்கொண்ட படத்தை அம்மா டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறார், டிவி பார்க்க வருகிறவர்கள் என்னையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். ஊரில் எனக்குப் பெயரே 'டிகிரி'. "டிகிரி கெமிஸ்ட்ரி படிச்சுட்டு ஸ்டிக்கர் ஒட்டுறான்" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கையில் ஒட்டிக்கொள்ளாமல் தகட்டில் மட்டும் ஒட்டுகிற பசை எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

ஃபிலிம் ஒட்டத் தூசி இல்லாத அறை வேண்டும். அதனால் வண்டியைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவரச் சொன்னேன். பாய் யோசித்தார்.

"வர்ற வழியில கல்லு தெறிச்சா?"

"அதுக்குத்தான் பாய் ஃபிலிம் ஒட்டப் போறோம்."

"ஒட்டுறதுக்கு முன்னாடி தெறிச்சா?"

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். "நீங்க வந்து கூட உக்காந்து கூட்டிட்டுப் போங்க" என்றார். பொண்ணு அழைப்புக்குப் போவதுபோல ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஏறி அவர் ஊரான முத்துப்பேட்டைக்குப் போனேன்.

வண்டி அவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் நின்றது. பழைய பள்ளிக்கூட வேன் அது. அதை வாங்கி, பட்டறையில் விட்டு, உள்ளே கட்டில், சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளியலறை எல்லாம் வைத்து, வீடாக மாற்றியிருந்தார். நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர் ஆயிஷா அக்கா. பெயிண்டரிடம் ஒரு கத்தரிச்செடியையே தொட்டியோடு கொண்டுபோய் வைத்து, "இந்தப் பூ மாதிரி வேணும்" என்றிருக்கிறார். பெயிண்டர் கண்பார்வையிலேயே கலந்து அடித்தார். மறுபடி கலக்கச் சொன்னால் அதே நிறம் வராது என்று அவரே சொல்லிவிட்டாராம். இதுதான் பாயின் கவலைக்கெல்லாம் ஆணிவேர். ஒரு புள்ளி போனாலும் ஒட்டுப்போட்டது தெரியும்.

தெருவில் அதற்குக் கத்தரிக்கா வண்டி என்று பெயர். பார்க்க சினிமா நடிகைகள் உட்காரும் கேரவன் மாதிரி இருக்கும். "பாய், இன்னிக்கி உள்ள எந்த ஹீரோயின்?" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்பார்கள். "உள்ள இருக்கிறது ஒரே ஹீரோயின்தான், அதுவும் கோவமா இருக்கு" என்பார் பாய்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. அதை ஆயிஷா அக்காவே எனக்குத் தேங்காய்ப் பால் சாப்பாடு பரிமாறிக்கொண்டே சொன்னார்.

பாய் சவூதியில் டிரெய்லர் ஓட்டியவர். இளமை முழுக்க ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் படுத்து எழுந்தவர். ஒருநாள் பாலைவனச் சாலையோரத்தில் ஒரு வீட்டு வண்டி நிற்பதைப் பார்த்திருக்கிறார். கதவு திறந்திருக்கிறது. படியில் ஒரு அம்மாள் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் புத்தகம் இல்லை, போன் இல்லை, நறுக்குவதற்குக் காய்கூட இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கே முத்துப்பேட்டைக்குப் போன் போட்டு, "ஆயிஷா, உன்னையும் ஒருநாள் இப்படிச் சும்மா உக்கார வைக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார்.

"வண்டி வந்து ஒரு வருசம் ஆகப் போவுது தம்பி. திருத்துறைப்பூண்டி தாண்டல. நான் சமைக்கிறது வீட்டு அடுப்புல, தூங்குறது வண்டியில. ராத்திரி கோழி அடையிற மாதிரி போய் அடையிறோம். காலையில கதவத் தொறந்தா எதுத்தாப்புல என் கொடியில என் துணி காயுது. எனக்குக் காஷ்மீர் வேணாம், ஊட்டி வேணாம். வேற ஊர்ல ஒரு காலையில கண்ணு முழிக்கணும். சொந்தக்காரங்க வீட்டுல இல்ல, அங்கயும் எந்திரிச்சதும் அடுப்படிக்குத்தான் போகணும். என் வண்டியில கண்ணு முழிக்கணும்."

"போகலாம்மா, ஃபிலிம் ஒட்டட்டும்" என்றார் பாய்.

"இந்தத் தடவை பொறப்பட்ட வண்டி பாதியில திரும்புச்சுன்னா, அப்புறம் இது டைலர் கடைதான். லத்தீஃபாகிட்ட சொல்லிட்டேன் தம்பி. தையல் மெஷினு ரெண்டு தாராளமா நிக்கும். ஜன்னலு இருக்கு, ஃபேன் இருக்கு."

அவர் சிரிக்காமல்தான் சொன்னார். லத்தீஃபா என்பவர் அடுத்த தெருவில் தையல் வகுப்பு நடத்துகிறவர், வந்து அளந்து பார்த்துவிட்டே போயிருக்கிறார். பாய் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஜும்மாத் தொழுகை முடிந்து அவர் வந்ததும் கிளம்பினோம். வண்டியின் மூக்கு முழுவதையும் ஒரு நீலத் தார்ப்பாய் மூடியிருந்தது. விளக்குகளுக்கு மட்டும் கண் வெட்டி, கண்ணாடிக்குக் கீழே இறுக்கி, லாரிக்காரர்கள் போடும் முடிச்சுகளாகப் போட்டிருந்தார். அந்த முடிச்சை வேறு யாரும் அவிழ்க்க முடியாது.

"இது ஏது பாய்?"

"மச்சினன் வயல்ல நெல்லு காயப்போட்ட தார்ப்பாய். போன அறுப்பு முடிஞ்ச கையோட திருத்துறைப்பூண்டி ரோட்டுல அந்தக் கல்லு தெறிச்சுது, படத்த எடுத்துக்கிட்டு அன்னிக்கே இத வாங்கி, தட்டி, கட்டிட்டேன். நல்ல கனம். கல்லு என்ன, செங்கல்லே வந்தாலும் தாங்கும்."

"கழட்டிட்டுப் போனா ஒரு தடவை பாத்துக்கலாமே."

"ஹெல்மெட்டக் கழட்டிட்டு யாராச்சும் வண்டி ஓட்டுவாங்களா தம்பி? தஞ்சாவூர்ல கழட்டிக்கலாம்." தார்ப்பாயின்மீதே விரலை வைத்து, அந்தப் பருக்கைப் புள்ளி எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டினார்.

பிஸ்மில்லாஹ் சொல்லி சாவியைத் திருப்பினார். பாய் வண்டி ஓட்டுவதைப் பார்த்தால் அவர் பெரிய டிரெய்லர் ஓட்டியவர் என்று நம்ப முடியாது. எங்களைப் பஸ் முந்தியது. மினி பஸ் முந்தியது. கோட்டூர் பக்கம் சைக்கிளில் பால்கேனோடு போன ஒருவர் கொஞ்ச தூரம் எங்கள் ஜன்னலோடேயே பேசிக்கொண்டு வந்து, பிறகு அவரும் முந்திக்கொண்டு போனார். முன்னால் லாரி தெரிந்தால் பாய் இன்னும் மெதுவாக்குவார், அது கண்ணுக்கு மறைந்த பிறகுதான் வேகம் எடுப்பார். இதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கல் தெறிக்காமல் இருக்க முதல் வழி முன்னால் போகிறவனுக்கு விட்டுக்கொடுப்பதுதான். ஆனால் பாய் ஆட்டோவுக்கும் விட்டுக்கொடுத்தார்.

"ஏன் பாய் இவ்வளவு பயப்படுறீங்க?"

"உங்களுக்குத் தெரியாது தம்பி. சவூதியில மணல் காத்து அடிச்சா ஒரே நாள்ல லாரியோட மூக்கு எவர்சில்வர் தட்டாட்டம் ஆயிடும். திரும்பி வந்தா கம்பெனி கேட்டுல சூப்பர்வைசர் நிப்பான். டார்ச் அடிச்சு, குனிஞ்சு, கீறல் இருக்கான்னு பாப்பான். இருந்தா சம்பளத்துல புடிப்பான். மணல் என் பேச்சக் கேட்டா அடிக்குது? அவனுக்கு அதெல்லாம் தெரியாது."

சொல்லும்போதே கண்ணாடி வழியே எட்டி மூக்கைப் பார்த்துக்கொண்டார்.

மன்னார்குடி தாண்டியதும் உண்மையான தொல்லை ஆரம்பித்தது. தை கடைசி. சம்பா அறுவடை நேரம். எங்கள் பக்கத்தில் இந்த நேரத்தில் சாலையில் பாதி சாலைதான் இருக்கும், மீதி களம். ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் நெல்லைத் தார்ச்சாலையில் விரித்துக் காயவைப்பார்கள். விரித்த நெல்லின்மீது வண்டி ஏறாமல் இருக்க விளிம்பில் வரிசையாகக் கல் வைப்பார்கள். நெல் காய்ந்ததும் நெல்லை அள்ளுவார்கள். கல்லை யாரும் அள்ளுவதில்லை. பஸ் சக்கரம் ஏறி அது உடைந்து, சில்லாகி, அடுத்த வண்டிக்காகக் காத்துக் கிடக்கும்.

முதல் கல் வரிசையைப் பார்த்ததும் பாய் வண்டியை நிறுத்திவிட்டார். இறங்கினார். நடுவில் உருண்டு கிடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் புல்லில் போட்டார். ஏறினார். கொஞ்ச தூரம் போனதும் அடுத்த வரிசை. மறுபடி இறங்கினார். மூன்றாவது இடத்தில் ஆயிஷா அக்கா பின்னாலிருந்து, "பொறுக்குங்க, பொறுக்குங்க. தஞ்சாவூர் போறதுக்குள்ள ஒரு வீடு கட்டுற கல்லு சேந்துரும்" என்றார்.

இப்படியே வடுவூருக்கு முன்னால் என் சொந்த ஊர் வந்தது. வானம் மேற்கே கறுத்திருந்தது. சாலையில் நெல் நீளமாகக் கிடந்தது. பாய் இறங்கி, வரிசையில் சாலைக்குள் துருத்திக்கொண்டிருந்த ஒரு பெரிய கல்லைத் தூக்கினார்.

"ஏய்! யாருய்யா அது, எங்க கல்லத் தூக்குறது?"

கையில் நெல் தள்ளும் பலகையோடு ஒரு பெண் வேகமாக வந்தார். நான் அவசரமாகக் கதவைத் திறந்தேன். அது என் அம்மா நாகம்மாள்.

"ஓரமாத்தாம்மா வைக்கிறேன்" என்றார் பாய், கல்லைக் குழந்தைபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

"ஓரமா வச்சா லாரிக்காரன் நெல்லு மேல ஏத்துவான். நீ வந்து ஒண்ணொண்ணாப் பொறுக்கித் தருவியா?"

"அம்மா, நம்ம பாய்தாம்மா. கடைக்கு வர்றவங்க" என்று நான் இறங்கினேன்.

அம்மா என்னைப் பார்த்தார். கத்தரிப்பூ வண்டியைப் பார்த்தார். "நீ எங்கடா இதுலேருந்து எறங்குற? சினிமாவுல சேந்துட்டியா?"

அதற்குள் ஆயிஷா அக்காவும் இறங்கிவிட்டார். "அக்கா, கல்லக் கீழ வைக்கச் சொல்லுங்க. உங்க பேச்சயாச்சும் கேக்குறாரான்னு பாப்போம்."

பாய் கல்லைக் கீழே வைத்தார். அம்மாவுக்கு ஆயிஷா அக்காவை அந்த இடத்திலேயே பிடித்துப்போனது. ஆனால் பேச நேரமில்லை. கொய்யா அளவுக்கு ஒரு துளி என் கையில் விழுந்தது.

தையில் பெய்கிற மழைக்கு எங்கள் ஊரில் நல்ல பெயர் கிடையாது. அம்மா அலறினார். "டேய், பலகையப் புடிடா! உங்கப்பா மூட்டையோட கொள்முதல் நிலையத்துல வரிசையில கெடக்குறாரு. பெரிய தார்ப்பாயையும் அங்கதான் எடுத்துட்டுப் போயிட்டாரு. இங்க இருக்கறது இந்தத் துண்டு மட்டுந்தான்!"

நான் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நெல்லைத் தள்ளினேன். ஆயிஷா அக்கா துப்பட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தார். குவியல் உயர்ந்தது. அம்மாவின் துண்டுத் தார்ப்பாய் குவியலின் தலையை மட்டும் மூடியது.

யூனுஸ் பாய் வண்டிக்கும் நெல்லுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். வானத்தைப் பார்த்தார். குவியலைப் பார்த்தார். மூக்கைப் பார்த்தார்.

"தம்பி, மழையில கல்லு தெறிக்காதுல்ல?"

"நிக்கிற வண்டிக்கு எதுவும் தெறிக்காது பாய்."

அவ்வளவுதான். முடிச்சின்மேல் பாய்ந்தார். ஆனால் ஒரு வருடம் இறுகிய லாரிக்கார முடிச்சு, போட்டவருக்கே அவிழவில்லை. "ஆயிஷா, கத்தி!" என்றார். ஆயிஷா அக்கா வண்டியின் சமையலறையிலிருந்து காய் நறுக்கும் கத்தியைக் கொண்டு ஓடிவந்தார். வாங்கிய நாளிலிருந்து அந்தக் கத்தி வெட்டிய முதல் பொருள் அந்தக் கயிறுதான். நீலத் தார்ப்பாயை உருவி நாலுபேருமாகக் குவியல்மேல் விரித்தோம். பாய் தானே ஓடி ஓடி, சற்றுமுன் அவர் நகர்த்தப் பார்த்த கற்களையெல்லாம் பொறுக்கி வந்து தார்ப்பாயின் விளிம்பில் அடுக்கினார். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இப்பத் தெரியுதா கல்லு எதுக்குன்னு" என்றார். மழை கொட்டியது. நாங்கள் வண்டிக்குள் ஓடினோம்.

அம்மா கட்டில் ஓரத்தில் நனைந்த புடவையோடு உட்கார மறுத்து, பிறகு உட்கார்ந்து, சுற்றிலும் பார்த்தார். "அடி ஆத்தி, உள்ளயே கக்கூசா! ஒக்காந்துட்டு இருக்கும்போது வண்டி போவுமா?" என்று கேட்டார். ஆயிஷா அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தார். அந்த அடுப்பிலும் அன்றுதான் முதல் டீ.

"நெல்லு நனைஞ்சிருந்தா எங்க ஆளு என்னைத்தான் திட்டியிருப்பாரு. நல்லாருப்பீங்க பாய்" என்றார் அம்மா.

பாய் டீயை ஊதிக் குடித்தார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சிரிப்பு இருந்தது.

மழை வந்த வேகத்திலேயே விட்டது. வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. நாங்கள் இறங்கி முன்பக்கம் போனோம். அங்கேதான் அந்தச் சிரிப்பு நின்றது.

வண்டியின் பக்கவாட்டெல்லாம் மழையில் கழுவி, கத்தரிப்பூவாய் மின்னியது. மூக்கு மட்டும் மங்கிக் கிடந்தது, வெகுநாள் தேய்த்த அலுமினியப் பாத்திரம்போல. தார்ப்பாய் உரசிய இடமெல்லாம் சாம்பல் படிந்த மாதிரி இருந்தது. பருக்கைப் புள்ளியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"யா அல்லா! யாரு தம்பி இதப் பண்ணினது?"

நான் குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன். விரலில் அரித்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு அந்த அரிப்பு தெரியாமல் போகுமா?

"சுணை பாய். நெல்லுச் சுணை, உமி மேல இருக்கற பொடி முள்ளு. தார்ப்பாயைத் தட்டினாப் போகாது, இழையில குத்தி உக்காந்துக்கும். உமியில இருக்கற சரக்கும் மணல்ல இருக்கற சரக்கும் ஒண்ணுதான், சிலிக்கா. உப்புத்தாள் வச்சுத் தேய்க்கிறோம் பாருங்க, அந்த மாதிரி. உங்க ஊர்க் கடல் காத்துல தார்ப்பாய் ஒரு வருசமா ஆடி ஆடி, உள்ளுக்குள்ளயே தேச்சுக்கிட்டு இருந்திருக்கு."

"சுணை பட்டா உடம்பே அரிக்குது, பெயிண்டு அரிக்காதா?" என்றார் அம்மா. பிறகு என்னைக் காட்டி, "அந்த சிலிக்கான்னான் பாருங்க, அதுக்குத்தான் காலேஜுக்கு அனுப்பினேன்" என்று ஆயிஷா அக்காவிடம் மெதுவாகச் சொன்னார். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் மெதுவாகச் சொன்னார்.

பாய் மூக்கின்மீது உள்ளங்கையை வைத்தபடியே நின்றார். கல்லுக்குப் பயந்து மூடினார். மூடியதே தின்றுவிட்டது.

"திரும்பிடலாம்" என்றார். "இந்த மூஞ்சியோட தஞ்சாவூருக்கு வர முடியாது. முத்துப்பேட்டைக்குப் போயி, அந்தப் பெயிண்டரப் புடிச்சு, முழுசா அடிச்சிட்டு, அப்புறம் வர்றோம் தம்பி."

நான் பேசுவதற்குள் ஆயிஷா அக்கா பேசினார். குரல் உயரவில்லை.

"போகலாம். நான் லத்தீஃபாவுக்குப் போன் போட்டு மெஷினக் கொண்டாந்து எறக்கச் சொல்லிடுறேன்."

"ஆயிஷா, நான் சொல்றது..."

"உங்களுக்கு ஒண்ணு சொல்லவா? அந்த சூப்பர்வைசர அங்கயே விட்டுட்டு வந்திருக்கலாம்ல? டார்ச்சோட கூடவே கூட்டிட்டு வந்துட்டீங்க. தினமும் காலையில எந்திரிச்சு வண்டியச் சுத்திச் சுத்தி வர்றீங்களே, யாருங்க உங்க சம்பளத்துல புடிக்கப் போறா?"

பாய் ஓட்டுநர் சீட்டில் ஏறினார். வண்டியைத் திருப்பப் பின்னால் எடுத்தார். மழையில் ஊறிய சாலையோரம் எங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. "பாய், பாய், பாய்!" என்று நானும் அம்மாவும் கத்தி முடிப்பதற்குள் பின்சக்கரம் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. கத்தரிப்பூ வண்டி முத்துப்பேட்டையும் பார்க்காமல் தஞ்சாவூரும் பார்க்காமல் சாலைக்குக் குறுக்கே சாய்ந்து எங்கள் வயலைப் பார்த்து நின்றது.

"டிராக்டரு காலையிலதான் கெடைக்கும்" என்றார் அம்மா. "வீட்டுக்கு வாங்க, தோசை ஊத்துறேன்." சாப்பிட வந்தார்கள். படுக்க மட்டும் ஆயிஷா அக்கா வரவில்லை. "எனக்கு வீடு இருக்கு அக்கா" என்று வண்டியைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். பாய் பின்னாலேயே போனார்.

காலையில் நான் டிராக்டர்க்காரர் செம்மொழியைக் கூட்டிக்கொண்டு போனபோது வண்டியின் கதவு திறந்திருந்தது. ஆயிஷா அக்கா படியில் உட்கார்ந்திருந்தார். காலைத் தொங்கப் போட்டிருந்தார். சாய்ந்த வண்டி, அதனால் கால் தரையைத் தொடாமல் ஆடிக்கொண்டிருந்தது. எதிரே அறுத்த வயலில் தண்ணீர் தேங்கி, நாரைகள் நடந்துகொண்டிருந்தன. அம்மா கொடுத்த டீ டம்ளர் பக்கத்தில் ஆறிக் கிடந்தது. அவர் கையில் ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

"கண்ணு முழிச்சாச்சா அக்கா?" என்று கேட்டேன்.

"முழிச்சாச்சு தம்பி. என்ன ஒண்ணு, கட்டில் சாய்வுல ராத்திரி முழுக்க அவரு மேலயே உருண்டுக்கிட்டு இருந்தேன்."

பாய் கொஞ்ச தூரத்தில், தார்ப்பாய்க் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் வண்டியின் மூக்கைப் பார்க்கவில்லை. படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செம்மொழி சங்கிலியைக் கோர்த்துவிட்டு டிராக்டரில் ஏறினார். "பாய், இழுத்து எந்தப் பக்கம் திருப்பி விடணும்? முத்துப்பேட்டைப் பக்கமா, தஞ்சாவூர்ப் பக்கமா?"

ஆயிஷா அக்காவின் கால் ஆடுவது நின்றது. அவர் பாயைப் பார்க்கவில்லை, நாரையைப் பார்த்தார். டீ டம்ளரை எடுக்க வந்த அம்மாவும் அங்கேயே நின்றுவிட்டார்.

"தஞ்சாவூர்ப் பக்கம்" என்றார் பாய். பிறகு, செம்மொழிக்குக் காது கேட்காதோ என்று சந்தேகப்பட்டவர்போல, இன்னும் சத்தமாகச் சொன்னார். "தஞ்சாவூர்ப் பக்கந்தான்! நல்லா இழுங்க!"

கால் மறுபடி ஆடத் தொடங்கியது.

நீலத் தார்ப்பாயை அம்மாவிடமே கொடுத்துவிட்டார். "எங்க ஆளுகிட்ட சொல்லி உங்க மச்சினனுக்குத் திருப்பி அனுப்பறேன்" என்று அம்மா சொன்னதற்கு, "வேணாம்மா, அது நெல்லுக்குன்னு பொறந்தது. நெல்லோடயே இருக்கட்டும்" என்றார்.

வெறும் மூக்கோடு கிளம்பினோம். பாய் நேற்றைவிடக் கொஞ்சம் வேகமாகத்தான் ஓட்டினார். எங்கள் ஊர் எல்லையில் ஒரு பஸ் எங்களை முந்தியது. அதன் பின்சக்கரத்தடியில் பழைய நெல் வரிசையின் உடைந்த கல் ஒன்று கிடந்திருக்க வேண்டும். 'டிக்' என்று முன்னால் ஒரு சத்தம். எனக்குத் தெளிவாகக் கேட்டது. தொழிலே அதுதானே.

ஆயிஷா அக்கா மெதுவாகக் கேட்டார். "என்னங்க, ஏதோ சத்தம் கேட்டுச்சா?"

பாயின் விரல்கள் ஸ்டியரிங்கை ஒருமுறை இறுக்கின. பிறகு விட்டன.

"இல்லையே" என்றார். "எனக்கு ஒண்ணும் கேக்கல."

கடையில் மூக்கை நன்றாகக் கழுவி, மெருகுப் பசை வைத்துத் தேய்த்தேன். சுணை தேய்த்த மங்கலில் பெரும்பகுதி போய்விட்டது. கத்தரிப்பூ திரும்பி வந்ததும் ஆயிஷா அக்கா, "மாஷா அல்லாஹ், என் பூவு" என்றார். அப்புறம் ஃபிலிமை விரித்து, சோப்புத் தண்ணீர் தெளித்து, ரப்பர் பட்டையால் தண்ணீரை வழிக்கும் வேலை. ஃபிலிம்மேல் சின்னக் கீறல் விழுந்தால் வெயில் பட்டுத் தானே மறைந்துவிடும் என்று சொன்னதும் பாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்ப நம்ம ஊரு வெயிலுக்கும் ஒரு வேலை வந்துருச்சு!" என்றார். சக்கரத்துக்குப் பின்னால் அகலமான ரப்பர் மறைப்பு போடச் சொன்னேன், வண்டியின் சொந்தச் சக்கரமே அதன் வயிற்றில் கல்லடிக்கும். அதையும் போட்டுக்கொண்டார்.

இரண்டு புள்ளிகள் இருந்தன. பழைய பருக்கைப் புள்ளி ஒன்று, அதற்குக் கொஞ்சம் மேலே புதிதாக ஒன்று. இரண்டுக்கும் கிட்டத்தட்ட அதே நிறத்தில் பெயிண்ட் கலந்து வைத்துவிட்டு ஃபிலிம் ஒட்டலாம் என்று தூரிகையை எடுத்தேன். பழையதில் தொட்டு வைத்தேன். புதியதற்குப் போகும்போது ஆயிஷா அக்கா என் கையைத் தடுத்தார்.

"அதுக்கு வேணாம் தம்பி."

"அக்கா, துரு ஏறிடும்."

"துரு ஏறாம கண்ணாடி மாதிரி ஏதாச்சும் வச்சு விடுங்க. கலர் வைக்காதீங்க." பிறகு பாயைக் காட்டினார். "இவரு பாஸ்போர்ட்டு முழுக்க சீலுதான். ஒவ்வொரு தடவையும் போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணு. நான் எடுத்து எடுத்துப் பாப்பேன். எனக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. இது உங்க ஊர்ல வாங்கினது. இதுதான் எனக்கு முதல் சீலு."

நான் பாயைப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்ன மனிதர் அல்லவா? அவர் குனிந்து புள்ளியைப் பார்த்தார். கையில் டார்ச் இல்லை.

"மேல ஃபிலிம நல்லா அழுத்தி ஒட்டுங்க தம்பி" என்றார். "அது அழிஞ்சிடக் கூடாது."